யாரும் பாக்காத விளையாட்டை எப்படி எழுதுறது? புதுசா ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டிங் வர்றவங்களுக்கு

ஸ்போர்ட்ஸ் டெஸ்க்ல சேர்ற எல்லாருக்கும் பெரிய ஸ்டேடியம், பெரிய மேட்ச்னு ஒரு கனவு இருக்கும். ஆனா புதுசா வந்தவங்க கையில முதல்ல விழுறது வேற யாரும் போக விரும்பாத போட்டிதான். "போய் நாலு போட்டோ எடுத்துட்டு வா, காப்பி ஜாலியா இருக்கட்டும்"னு சொல்லி அனுப்புவாங்க (காப்பின்னா நாம எழுதித் தர்ற செய்தி). அந்த ‘ஜாலியா இருக்கட்டும்’லதான் பிரச்னையே ஆரம்பிக்குது.

எனக்கு அப்படி வந்தது கயிறு இழுக்கிற போட்டி. போனேன், பாத்தேன், ரசிச்சு எழுதினேன், முகம் எப்படி சிவந்துச்சு, பூட்ஸ் மண்ணை எப்படி கிழிச்சுது, சுத்தி நின்னவங்க எப்படி கத்தினாங்கன்னு நானூறு வார்த்தை. மறுநாள் ஒரு டீமோட கோச் போன் பண்ணார். கோவமே படலை, "தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா யார் ஜெயிச்சாங்கன்னு எங்கயுமே இல்லையே"ன்னார். திரும்ப எடுத்துப் படிச்சா நிஜமாவே இல்லை. கிரிக்கெட் மேட்ச்சுக்கு அப்படி ஒரு காப்பி அனுப்பியிருந்தா டெஸ்க் அப்பவே திருப்பி அனுப்பியிருக்கும், இதுக்கு யாருமே கேக்கலை, ஏன்னா அதை ஒரு போட்டியா எங்க யாருக்கும் தோணவே இல்லை. அன்னிலேர்ந்து நான் கத்துக்கிட்டதை இங்க வரிசையா எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பழைய கதை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ்லதான் பெண்களுக்கு முதல் தடவையா 800 மீட்டர் ஓட்டம் வச்சாங்க. பெண்கள் அவ்ளோ தூரம் ரேஸ் ஓடுறதே அன்னிக்குப் பலருக்கு கண்ணுக்குப் பழகாத விஷயம். ஃபைனல்ல 9 பேர் ஓடினாங்க, 9 பேரும் முடிச்சாங்க, ஜெர்மனியோட லினா ராட்கே 2 நிமிஷம் 16.8 செகண்ட்ல உலக சாதனையோட தங்கம் ஜெயிச்சாங்க, ஜப்பானோட கினுயே ஹிதோமிக்கு வெள்ளி. முடிச்சதும் சிலர் களைச்சுப்போய் விழுந்தாங்க, ஆண்கள் ரேஸ்லயும் தினமும் நடக்கிறதுதான் அது. ஆனா பத்திரிகைகள்ல என்ன வந்துச்சு? பரிதாபக் காட்சி, பெண்கள் உடம்புக்கு ஆகாதுன்னு. 11 பேர் ஓடி 5 பேர் பாதியில நின்னுட்டதாகூட ஒரு செய்தி வந்துச்சு, ஓடினதே 9 பேர்தான். அதுக்கப்புறம் அந்த ஓட்டத்தை ஒலிம்பிக்ஸ்லேர்ந்து எடுத்துட்டாங்க, திரும்ப வந்தது 1960 ரோம்ல. 32 வருஷம். முடிவு எடுத்தது அதிகாரிகள்தான், அதுக்குத் துணை போனது நம்ம தொழில் ஆளுங்க எழுதின காப்பி. "சின்ன ஸ்டோரிதானே, இதுல என்ன ஆகிடப் போகுது"ன்னு யாராவது சொன்னா எனக்கு இந்த 32 வருஷம்தான் ஞாபகம் வரும்.

1. சிரிப்பு வந்தா அதை நோட்ல எழுதிக்கோங்க

பழக்கமில்லாத விளையாட்டை முதல் தடவை பாக்குறப்போ சிரிப்பு வரலாம், அதுல தப்பே இல்லை, அடக்கவும் வேணாம். எது சிரிப்பு வரவச்சதுன்னு அப்படியே குறிச்சுக்கோங்க, பக்கத்துல ‘ஏன்?’னு ஒரு வார்த்தை போட்டுக்கோங்க. அவ்ளோதான், உங்க ஸ்டோரியோட பாதி அங்கயே கிடைச்சிடும்.

உதாரணத்துக்கு ரேஸ் வாக்கிங். இடுப்பை ஆட்டிக்கிட்டு வேகமா நடக்கிறதைப் பாத்து சிரிக்காதவங்க குறைவு. ஏன் அப்படி நடக்கிறாங்க? ரூல்ல ரெண்டே விஷயம்தான் இருக்கு: எப்பவும் ஒரு கால் தரையில இருக்கணும், அதாவது நடுவர் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ரெண்டு காலும் காத்துல இருக்கக்கூடாது, அப்புறம் முன்னாடி வைக்கிற கால் தரையைத் தொட்ட நொடியிலேர்ந்து உடம்பு அதுக்கு நேர் மேல வர்ற வரைக்கும் முட்டி மடங்கவே கூடாது. முட்டியை மடக்காம, குதிக்காம வேகமா போகணும்னா வேற எதை அசைக்கிறது, இடுப்பைத்தான். அந்த ரெண்டு கட்டுப்பாட்டுக்குள்ள உடம்பு கண்டுபிடிச்ச விடை அது. அப்படி நடந்துதான் ஆண்கள்ல டாப்ல இருக்கிறவங்க 20 கிலோமீட்டரை 1 மணி 17 நிமிஷத்துக்குள்ள முடிச்சிருக்காங்க, ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிஷம்கூட ஆகலை, நம்மள்ல பலரால ஓடியே அந்த வேகத்துக்குப் போக முடியாது. இன்னொண்ணு, தப்பா நடந்தாங்களான்னு நடுவர் வெறும் கண்ணாலதான் முடிவு பண்ணணும், கேமரா ரீப்ளே கிடையாது. இதுல எத்தனை ஸ்டோரி இருக்குன்னு பாருங்க. சிரிச்சுட்டு அங்கயே நின்னவனுக்கு ஒண்ணும் கிடைக்காது.

வினோதமா தெரியுறதுக்குப் பின்னாடி ஒரு ரூல் இருக்கும், இல்ல ஒரு கருவி மாறியிருக்கும், இல்ல உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு காரணம் இருக்கும். ஹை ஜம்ப்ல டிக் ஃபாஸ்பரி முதுகைக் காட்டித் தாண்ட ஆரம்பிச்சப்போ பத்திரிகைகள்ல கிண்டல்தான் வந்துச்சு, மீன் துள்ளுற மாதிரி இருக்குன்னாங்க. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸ்ல அதே ஸ்டைல்ல 2.24 மீட்டர் தாண்டி தங்கம் எடுத்தார், இன்னிக்கு ஹை ஜம்ப்னாலே அந்த ஸ்டைல்தான். அதுக்கு வழி விட்டது ஒரு சாதாரண விஷயம், விழுற இடத்துல மணலுக்கும் மரத்தூளுக்கும் பதிலா மெத்தை வந்துச்சு, முதுகுல விழுந்தா கழுத்து உடையாதுன்னு ஆச்சு. கிண்டல் எழுதினவங்க அந்த மெத்தையைப் பத்திக் கேட்டிருந்தா எவ்ளோ பெரிய ஸ்டோரி அவங்க கையில இருந்திருக்கும்! பனிச்சரிவுல சறுக்கி வந்து பறக்கிற ஸ்கீ ஜம்ப்ல ஸ்வீடனோட யான் போக்லவ் காலுல மாட்டுற ஸ்கீ பலகையை வி எழுத்து மாதிரி விரிச்சுப் பறந்தப்போ ஸ்டைல் மார்க்கைக் குறைச்சாங்க, அப்படி இருந்தும் 1988-89 உலகக் கோப்பை சீசனை அவர்தான் ஜெயிச்சார், அப்புறம் எல்லாரும் அந்த வி-க்கே மாறிட்டாங்க.

2. ரூல் புக்ல நாலே விஷயம் தேடுங்க

முழுசா மனப்பாடம் பண்ண வேணாம். எப்படி ஜெயிக்கிறது, எது ஃபௌல், யார் தீர்ப்பு சொல்றது, சமமா வந்தா என்ன ஆகும். இந்த நாலும் தெரிஞ்சா களத்துக்குப் போகலாம். அந்தந்த ஃபெடரேஷன் சைட்லயே ரூல் புக் கிடைக்கும், ஃப்ரீதான்.

படிச்சதும் பழைய மேட்ச் ரெண்டு மூணு பாருங்க, ஒண்ணை கமென்ட்ரியோட, ஒண்ணை சத்தமே இல்லாம. சத்தம் இல்லாம பாக்குறப்போ எங்க உங்களுக்குப் புரியலையோ அதுதான் நீங்க கேக்க வேண்டிய கேள்வி. முக்கியமா ‘ஒண்ணுமே நடக்கலை’ன்னு தோணுற இடத்தைக் கவனிங்க. பெரும்பாலும் அங்கதான் பெரிய விஷயம் நடந்துக்கிட்டிருக்கும்.

கர்லிங்கை எடுத்துக்கோங்க. ஐஸ் மேல கிட்டத்தட்ட 20 கிலோ கிரானைட் கல்லைத் தள்ளிவிட்டு, முன்னாடி ரெண்டு பேர் தேய்ச்சுக்கிட்டே போவாங்க, வெளியிலேர்ந்து பாத்தா வீடு பெருக்குற மாதிரி இருக்குன்னு ஆயிரம் பேர் எழுதியாச்சு, தயவுசெஞ்சு ஆயிரத்தோராவது ஆளா நீங்க எழுதாதீங்க. தேய்க்கிறப்போ ஐஸ் மேல்பரப்பு லேசா சூடாகி உராய்வு குறையும், கல் இன்னும் தூரம் போகும், வளையுறதும் குறையும், அதாவது கையை விட்டுப் போன கல்லைக்கூட தொடாமலே கொஞ்சம் திருத்தலாம். ஒரு எண்டுக்கு, அதாவது ஒரு சுத்துக்கு, ஒரு டீமுக்கு 8 கல், கடைசிக் கல்லைப் போடுற உரிமையை ‘ஹேமர்’னு சொல்வாங்க, பாயின்ட் எடுத்த டீம் அடுத்த எண்டுல அந்த உரிமையை எதிரிக்கு விட்டுக்கொடுக்கணும். அதனால சில சமயம் ஈஸியா 1 பாயின்ட் எடுக்கிற இடத்துல வேணும்னே கல்லை, பாயின்ட் கிடைக்கிற வட்டத்தைத் தாண்டிப் போக விட்டுடுவாங்க, யாருக்கும் பாயின்ட் இல்லை, ஹேமர் கையிலயே இருக்கும், அடுத்த எண்டுல 2 எடுக்கலாம்னு கணக்கு. ரூல் தெரியாத ரிப்போர்ட்டர் ‘கடைசிக் கல்லை வீணடிச்சார்’னு எழுதிடுவார். அன்னிக்கு மேட்ச்லயே புத்திசாலித்தனமான முடிவு அதுவா இருக்கும்.

நமக்கு நல்லாத் தெரிஞ்ச கபடியிலயும் இது உண்டு. வெறும் கையோட திரும்புற ரெய்டு புதுசா பாக்குறவங்களுக்கு நேரம் போக்குற மாதிரி இருக்கும், லீட்ல இருக்கிற டீம் கடிகாரத்தை ஓட்டுதுன்னு நமக்குத் தெரியும். ‘கபடி கபடி’ன்னு சொல்லிக்கிட்டே ஓடுறதைப் பாத்து ஒரு வெளிநாட்டு ரிப்போர்ட்டர் சிரிச்சு எழுதினா நமக்கு எப்படி இருக்கும்? கர்லிங்காரங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

நான் தவறவிட்ட கயிறு இழுத்தலும் இதேதான். ஒரு பக்கம் 8 பேர், எல்லாரோட எடையையும் கூட்டித்தான் பிரிவு, எதிர் டீமை 4 மீட்டர் இழுத்தா அந்த இழுப்பு உங்களுது. ரெண்டு நிமிஷம் கயிறு அசையாம நின்னுச்சே, அப்போ நான் நோட்ல ஒண்ணுமே எழுதலை. அது தடுப்பாட்டம், எதிராளியைக் களைப்பாக்கிட்டு சரியான நொடிக்குக் காத்திருந்தாங்க, அந்த நொடியைக் குரல் கொடுத்து சொன்னவர்தான் எனக்கு போன் பண்ண அந்த கோச். 1900லேர்ந்து 1920 வரைக்கும் இது ஒலிம்பிக்ஸ்லயே இருந்த விளையாட்டுங்கிறதும் எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

3. களத்துல யார் பக்கத்துல உக்காருறீங்க

ஏற்பாடு பண்ணவங்க பக்கத்துல இல்லை. அவங்க உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து எல்லாம் சூப்பர்னு சொல்வாங்க. முதல் ரவுண்ட்லயே வெளிய போன டீமோட கோச்சைத் தேடிப் பிடிங்க, அவருக்கு நேரமும் இருக்கும், மேட்ச்சைப் படிக்கிற கண்ணும் இருக்கும், ஜெயிச்சவங்களைப் புகழ வேண்டிய அவசியமும் இல்லை. ரிட்டயர் ஆன ஆட்டக்காரர் கிடைச்சா இன்னும் நல்லது. "இப்போ என்ன நடந்துச்சு?"ன்னு வெக்கப்படாம கேளுங்க, இந்த விளையாட்டுக்காரங்க மாதிரி பொறுமையா சொல்லிக்கொடுக்கிறவங்களை நான் பாத்ததில்லை, அவங்களை யாரும் வந்து கேக்கிறதே இல்லைங்கிறதும் ஒரு காரணம்.

அந்த இடத்தோட ஒழுங்கை முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. கோல்பால்னு பார்வை இல்லாதவங்களுக்கான விளையாட்டு இருக்கு, இரண்டாம் உலகப்போர்ல கண் போன வீரர்களுக்காக 1946-ல உருவாக்கினது, 1976லேர்ந்து பாராலிம்பிக்ஸ்ல பதக்கத்துக்கு ஆடுறாங்க. பந்துக்குள்ள மணி இருக்கும், மூணு மூணு பேரா ஆடுவாங்க, எல்லாரும் கண்ணை மூடுற கவசம் போட்டுக்கணும், பந்தோட சத்தத்தை வச்சுத்தான் குறுக்க விழுந்து தடுப்பாங்க. பந்து ஓடுறப்போ அரங்கத்துல மூச்சு சத்தம்கூட வரக்கூடாது. அங்க உங்க போன் அடிச்சா, கேமரா ஷட்டர் சத்தம் போட்டா, நீங்க ஆட்டத்தையே கெடுத்துடுறீங்க. இன்னொரு விஷயம், ‘குறையைத் தாண்டி சாதித்தார்’னு அங்கேர்ந்து கண்ணீர் ஸ்டோரி எழுதாதீங்க. அவங்களோட த்ரோ எப்படி இருந்துச்சு, டிஃபென்ஸ்ல எந்தப் பக்கம் ஓட்டை விழுந்துச்சுன்னு எழுதுங்க. பரிதாபமும் கிண்டல் மாதிரிதான், ரெண்டுமே ஆட்டத்தைப் பாக்க விடாது.

முடிஞ்சா அனுமதி கேட்டு நீங்களே ஒரு தடவை ஆடிப் பாருங்க, ஆனா அதை ஸ்டோரியாக்காதீங்க. ‘நான் விழுந்தேன், எழுந்தேன்’னு ரிப்போர்ட்டர் படத்தோட வர்ற ஸ்டோரியில பத்து வருஷம் பயிற்சி எடுத்தவங்க பின்னாடி நிக்கிற ஆளாயிடுறாங்க.

4. கேள்விகள்

கேக்கக்கூடாதது: ‘இது நிஜமாவே ஸ்போர்ட்டா?’, ‘வீட்டுல யாரும் திட்டலையா?’, ‘வேற நல்ல கேம் ஏதாவது ஆடியிருக்கலாமே?’ இதை அவங்க நூறு தடவை கேட்டிருப்பாங்க, பதிலும் ரெடியா வச்சிருப்பாங்க, உங்களுக்குப் புதுசா ஒண்ணும் கிடைக்காது.

ஆட்டத்துக்குள்ள இருந்து கேளுங்க. இன்னிக்கு எந்த இடத்துல மேட்ச் கைமாறுச்சு? எந்த முடிவை இப்போ நினைச்சா மாத்தியிருப்பீங்க? எதிராளியோட எந்தத் திறமையைப் பாத்து பயந்தீங்க? அஞ்சு வருஷம் முன்னாடி இந்த ஆட்டம் எப்படி இருந்துச்சு? செஸ் பாக்ஸிங் ஆடுறவங்ககிட்ட, அதாவது ஒரு ரவுண்ட் செஸ் ஒரு ரவுண்ட் பாக்ஸிங்னு மாத்தி மாத்தி ஆடி செக்மேட்லயோ நாக்அவுட்லயோ முடிக்கிற போட்டியில, ‘ஏன் இந்த ரெண்டையும் சேத்தாங்க’ன்னு கேட்டா வழக்கமான பதில்தான் வரும். ‘குத்து வாங்கிட்டு வந்து உக்காந்து எத்தனை செகண்ட்ல மூச்சு அடங்கும், அதுவரைக்கும் எந்த மாதிரி மூவ் ஆடுவீங்க’ன்னு கேட்டுப் பாருங்க. பேச்சு எங்கயோ போகும்.

5. எழுதுறப்போ

முதல் ரெண்டு வரிக்குள்ள யார் ஜெயிச்சாங்க, எப்படி ஜெயிச்சாங்க. இதுல எனக்கு சமரசமே கிடையாது.

ரூலை ஒரே பத்தியில கொட்டாதீங்க, எந்த இடத்துல தேவையோ அங்க ஒரு வரி போதும். ‘இது பனியில ஆடுற செஸ்’ங்கிற மாதிரி ஒப்பீடு ஒரே ஒரு தடவை வாசகரை உள்ள கூட்டிட்டு வர உதவும், ரெண்டாவது தடவை வந்தா அந்த விளையாட்டுக்குன்னு சொந்த முகமே இல்லாம போயிடும். அவங்க சொல்ற வார்த்தைகளையே பயன்படுத்துங்க. ‘வினோத’, ‘விசித்திர’, ‘இப்படியும் ஒரு’ இந்த மூணையும் தேடி அழிச்சுடுங்க. தலைப்பு வைக்கிறது பெரும்பாலும் நீங்க இல்லைங்கிறதால காப்பியோட சேத்து நீங்களே ஒரு தலைப்பும் போட்டோ கேப்ஷனும் எழுதி அனுப்புங்க, நைட் ஷிஃப்ட்ல அவசரத்துல இருக்கிறவர் அதையே எடுத்துப்பார். நீங்க கொடுக்கலைன்னா கண்டிப்பா கிண்டல் தலைப்புதான் வரும், அவர் கெட்டவர்னு இல்லை, அவருக்கு வேற தகவல் கையில இல்லை.

நடுவர் இல்லாத விளையாட்டும் இருக்கு, அதை எழுதுறப்போ கூடுதல் கவனம் வேணும். பறக்கும் தட்டை வச்சு ஆடுற அல்டிமேட்ல உலக சாம்பியன்ஷிப் அளவுலயும் ஃபௌலைக் கூப்பிடுறது ஆடுறவங்களேதான், மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு டீமும் ஒருத்தருக்கொருத்தர் நடத்தைக்கு மார்க் போடுவாங்க. அங்க ரெண்டு பேர் நின்னு பேசுறதைப் பாத்து ‘களத்தில் மோதல்’னு எழுதிட்டா முழுத் தப்பு, அவங்க தீர்ப்பு சொல்லிக்கிட்டிருக்காங்க.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல பிரேக்கிங், அதாவது பிரேக் டான்ஸ் போட்டி, வந்தப்போ நடந்தது ஞாபகம் இருக்கும். ஒரு பாயின்ட்கூட எடுக்காம வெளிய போன ஒரு ஆஸ்திரேலிய வீராங்கனையோட கிளிப் உலகம் பூரா சுத்துச்சு. சரி, தங்கம் யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா எத்தனை பேருக்கு சொல்லத் தெரியும்? ஜப்பானோட ஆமி, ஆண்கள்ல கனடாவோட ஃபில் விஸார்ட். டிஜே என்ன பாட்டு போடுவார்னு ஆடுறவங்களுக்கு முன்கூட்டியே தெரியாது, வர்ற இசைக்கு அங்கயே பதில் சொல்லணும், டெக்னிக்லேர்ந்து ஒரிஜினாலிட்டி வரைக்கும் 5 அளவுகோல் வச்சு ரெண்டு பேரையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுத்தான் நடுவர்கள் ஓட்டு போடுவாங்க, இதையெல்லாம் சொல்ல ஒரு பெரிய வாய்ப்பு வந்துச்சு, நிறைய இடத்துல அது அந்த ஒரு கிளிப்போட போயிடுச்சு. அந்த வீராங்கனையோட ஆட்டத்தை விமர்சிக்கக்கூடாதுன்னு நான் சொல்லலை. அதே பக்கத்துல ஆமியோட ஃபைனலும் இருந்திருக்கணும்.

6. திறந்த மனசுன்னா கேள்வி கேக்காம இருக்கிறது இல்லை

இதுல புதுசா வர்றவங்க ரொம்ப வழுக்கி விழுவாங்க. கிண்டல் பண்ணக்கூடாதுன்னு சொன்னதும் ஒரேடியா புகழ ஆரம்பிச்சுடுவாங்க. சின்ன விளையாட்டை மரியாதையா நடத்துறதுன்னா பெரிய விளையாட்டுகிட்ட கேக்கிற அதே கேள்வியை இங்கயும் கேக்கிறது.

‘உலக சாம்பியன்’னு சொன்னா எந்த அமைப்பு கொடுத்த பட்டம், அந்தப் பிரிவுல எத்தனை பேர், எத்தனை நாடு கலந்துக்கிட்டாங்கன்னு ரிசல்ட் ஷீட் கேட்டு வாங்குங்க. ஒரே விளையாட்டுக்கு ரெண்டு மூணு ஃபெடரேஷன் இருக்கிறது சகஜம், ஒவ்வொண்ணும் தனியா சாம்பியன்ஷிப் நடத்தும். ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரிச்ச ஃபெடரேஷன் பட்டியல் அவங்க சைட்லயே இருக்கு, ஒலிம்பிக்ஸ்ல இல்லாத விளையாட்டுகளுக்கான வேர்ல்ட் கேம்ஸ் 1981லேர்ந்து நடக்குது, இந்த ரெண்டுலயும் இருக்கான்னு பாக்கலாம். இல்லைன்னா போலின்னு அர்த்தமில்லை, இன்னும் ரெண்டு பேர்கிட்ட கூடுதலா கேக்கணும்னு அர்த்தம். ஊக்கமருந்து பரிசோதனை உண்டா, நுழைவுக் கட்டணம் எங்க போகுது, பசங்க ஆடுறாங்கன்னா யார் பொறுப்புன்னும் கேளுங்க. உங்க டிக்கெட்டையும் ரூமையும் ஏற்பாட்டாளர் போட்டிருந்தா அதை ஸ்டோரியிலயே சொல்லிடுங்க.

பாதுகாப்புல இன்னும் கறாரா இருங்க. கன்னத்துல அறையுற போட்டி ஒண்ணு இப்போ பரவிக்கிட்டிருக்கு, அதுல அடி வாங்குறவர் தடுக்கவும் கூடாது, விலகவும் கூடாது. பாக்ஸிங்லயாவது தலையைக் காப்பாத்திக்கிறதே ஒரு கலை, இங்க அதுவே ஃபௌல். மூளைக்கு என்ன ஆகும்னு நரம்பியல் டாக்டர்கள் கவலையோட பேசிட்டிருக்காங்க. இங்க திறந்த மனசுன்னா ஆடுறவங்களைக் கேவலமா பேசாம, ஏன் வந்தாங்கன்னு பொறுமையா கேட்டு, அந்த ரூலைப் பத்தி டாக்டர்கிட்ட தனியா பேசி, ரெண்டையும் ஒரே ஸ்டோரியில வைக்கிறது. எனக்கு அந்தப் போட்டி பிடிக்கலை, அதை ஒளிக்க மாட்டேன், ஆனா எனக்குப் பிடிக்காததுக்கு அந்த ரூல்தான் காரணம்னு வாசகருக்குக் காட்டவும் வேண்டியிருக்கு.

7. வெளியான மறுநாள்

ஸ்டோரியை, களத்துல உங்களுக்கு சொல்லிக்கொடுத்தவருக்கு அனுப்புங்க, வெளியானதுக்கு அப்புறம், முன்னாடி இல்லை. எது தப்புன்னு கேளுங்க. நாலு திருத்தம் வந்தா அதுல ரெண்டு சொந்தக் கருத்தா இருக்கும், ரெண்டு நிஜமான தப்பா இருக்கும், அந்த ரெண்டையும் உடனே திருத்தி, திருத்தினதை வெளிப்படையா போடுங்க. அவர் சொல்ற வார்த்தைகளை ஒரு நோட்ல சேத்து வைங்க, அடுத்த தடவை அந்த நோட்டோட போகலாம்.

அடுத்த தடவை கண்டிப்பா போகணும். முதல் தடவை யார் வேணா போவாங்க, புதுசுன்னு. ரெண்டாவது தடவை போறப்போதான் போன வருஷம் தோத்தவர் இந்த வருஷம் என்ன மாத்தியிருக்கார்னு உங்களுக்குத் தெரியும். கயிறு இழுக்கிற போட்டிக்கு நான் அடுத்த வருஷமும் போனேன், அந்த கோச் என்னைப் பாத்ததும் நோட்டை வாங்கி, கடைசியில நிக்கிற ஆங்கர் கயிறை உடம்புல எப்படி சுத்திப் பிடிக்கணும்னு ஒரு படம் போட்டுக் கொடுத்துட்டு, "இந்தத் தடவை அவனைக் கவனிங்க தம்பி, கயிறு நிக்கிறப்போ அவன் காலைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு டீமோட கிளம்பிப் போனார்.